கொள்கையும் கணக்கேடும்

(தேர்தல் பணியாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீர்திருத்தம் பேசிக்கொண்டு புதிதாக அரசியலில் நுழைகிறவர்களைப் பார்த்து நாட்டார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இப்போது பேசுகிறீர்கள், சரி! வாக்குக் கேட்டு வீதிக்கு வாருங்கள், வந்த பிறகும் இதே பேச்சைப் பேசுவீர்களா, பார்க்கலாம்" என்கிறார்கள். ஏளனமாகக் கேட்போர் உண்டு. ஏக்கத்தோடு கேட்போரும் உண்டு. ஏளனக்காரரை விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் அவர் ஏளனம் செய்வார். அது அவருடைய தொழில். ஏக்கத்தோடு கேட்கிறானே, நம்பி நம்பி ஏமாந்த ஏழை, அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"முடியும்" என்று மார்தட்டுவது எளிது. தேர்தலுக்கே நில்லாதவர் அப்படித்தான் மார்தட்டுவர். "முடியவே முடியாது, அரசியல் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று தலையை ஆட்டுவதும் எளிது. அப்படி இப்படி இருந்து ஆதாயம் கண்டவர்கள் சொல்லும் வேதாந்தம் அது! இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்தது என்ன என்று பார்ப்போம். இங்கிலாந்து நாட்டுத் தேர்தல் களம் சிலவற்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். தேர்தல் முறையும் அதனோடு பிறந்த சூதும் நெடுநாள் வளர்ந்த நாடு அது. நடந்தவை நடந்து முடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டன, நமக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை, ஆத்திரமின்றி எடைபோடலாம்.

1865-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் வெஸ்ட்மினிஸ்டர் தொகுதி. அந்நாளைய தேர்தல் எப்படி நடந்தது தெரியுமா? இரகசிய வாக்கு இல்லை. எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, இன்னாருக்கு என் வாக்கு என்று சொல்ல வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருப்பான், வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருப்பான், கடன் கொடுத்தவன் பார்த்துக்கொண்டிருப்பான். பெண்களுக்கு வாக்கு இல்லை. உழைப்பாளரில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. வாக்கு உடையவருக்கோ பீர் உண்டு, விருந்து உண்டு, ஏறிச்செல்ல வண்டி உண்டு. கூலிக்கு வாக்குக் கேட்கும் ஆட்கள் தெருத்தெருவாகத் திரிவர். செலவு முழுவதும் வேட்பாளர் தலையில். எனவே, பணம் படைத்தவன் நிற்பான், நின்றவன் இறைப்பான், இறைத்தவன் வெல்வான்.

அந்தத் தொகுதியின் வாக்காளர் சிலர், ஜான் ஸ்டூவர்ட் மில் என்பாரை அணுகி, "எங்கள் வேட்பாளராக நில்லுங்கள்" என்று கேட்டனர். அறிஞர் மில் அப்போது 59 வயதினர். தேர்தல் களத்துக்கு முற்றிலும் புதியவர். சுதந்திரத்தைப் பற்றியும் பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் உலகறிந்தவை. நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு, தோழர்களே! 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1858 வரை, 35 ஆண்டுக் காலம், இந்தியாவுக்கு அனுப்பும் ஓலைகளைத் தயாரித்தவர். இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. சுதந்திரத்தின் பெருமையை அவ்வளவு அழகாக எழுதியவர், அந்தச் சுதந்திரம் இந்தியர்க்கு இன்னும் பொருந்தாது என்று எண்ணியவருமாவார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது முறையன்று, சொல்லிவிட்டேன், மேலே செல்வோம்.

அவர் எழுதிய பதில், வேட்பாளர் எழுதுகிற பதிலாகவே இல்லை. பார்லிமெண்டில் அமர வேண்டும் என்ற ஆசை தமக்கு இல்லை என்றார். வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்க மாட்டேன். ஒரு காசும் செலவு செய்ய மாட்டேன். வெற்றி பெற்றாலும் தொகுதியின் உள்ளூர் வேலைகளைக் கவனிக்க எனக்கு நேரம் இராது என்றார். அத்துடன் நின்றாரா? பெண்களுக்கும் ஆண்களைப் போலவே வாக்குரிமை வேண்டும் என்பது என் கருத்து, அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று சேர்த்து எழுதினார். ஆங்கில வாக்காளர் காது கேட்டறியாத சொல்! இந்தத் திட்டத்தோடு ஆண்டவனே வந்து நின்றாலும் வெற்றி கிட்டாது என்று ஒரு பிரபல எழுத்தாளர் கேலி பேசினாராம். மில் தம் வரலாற்றில் அதையும் குறித்து வைத்திருக்கிறார்.

தேர்தல் நெருங்கியபோது சில பொதுக்கூட்டங்களுக்கு மட்டும் வந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மதம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். மற்றபடி எதைக் கேட்டாலும் நேர்ப்பதில்.

அந்தக் கூட்டங்களுள் ஒன்று, பெரும்பாலும் தொழிலாளரே நிறைந்த கூட்டம். எதிரிகள் காத்திருந்தனர். ஆண்டுகள் சில முன்பு மில் எழுதிய ஒரு சிறு நூலில், ஆங்கிலத் தொழிலாளர் பொய் சொல்லும் வழக்கமுடையவர், ஆயினும் பொய்க்கு வெட்கப்படுகிறவர்கள் என்ற கருத்துப்பட ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பொறுக்கி எடுத்துச் சுவரொட்டியாக அச்சடித்தனர். கூட்டத்திலே நீட்டினர். "இதை எழுதியது நீர்தானா?" என்று கேட்டனர்.

தோழர்களே, அந்த நொடியில் உங்களை நிறுத்திப் பாருங்கள்! எதிரே ஆயிரம் கண்கள். உழைத்துக் களைத்து வந்தவர்கள். அவர்களைப் பொய்யர் என்று எழுதிய தாள் கையில். என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம்! முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மைகூட உண்டு. அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். பிரபுக்களைத்தான் சொன்னேன் என்று திருப்பியிருக்கலாம். இந்தக் கலையில் வல்லவர்களை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

மில் சொன்னது ஒரே பதில்: எழுதினேன்.

அவ்வளவுதான். கூட்டம் சீறும் என்று காத்திருந்தவர் செவியில் கைதட்டல் இடியென விழுந்தது. பிறகு எழுந்து பேசிய முதல் தொழிலாளி ஜார்ஜ் ஆட்ஜர். செருப்புத் தைக்கும் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர். எங்கள் குறையை எங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவரைத்தான் எங்களுக்குப் பிடிக்கும், முகத்துதி எங்களுக்கு வேண்டா என்ற பொருளில் பேசினார்.

மக்கள் ஏமாளிகள், இனிப்புக் கொடுத்தால்தான் வருவார்கள் என்று சொல்லித் திரிகிற தேர்தல் நிபுணர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அன்று அந்தக் கூட்டம் மெச்சியது, தங்களைத் திட்டிய வரியை அன்று. பதிலில் ஒளிவு இல்லாதிருந்ததை மெச்சியது. அதற்கு முன்பு அவர்களிடம் வாக்கோ ஆதரவோ கேட்டு வந்தவர் அத்தனை பேரும், அவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போனவர்கள். போனபின் திரும்பிப் பாராதவர்கள்.

மில் வென்றார். கன்சர்வேடிவ் வேட்பாளரைவிடச் சில நூறு வாக்குகள் அதிகம்.

இங்கேயே கதையை முடித்து, "பார்த்தீர்களா, கொள்கை வெல்லும்!" என்று நான் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் கணக்கேடு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் போகலாகாது. மில் ஒரு காசு செலவிடவில்லை, உண்மை. செலவே ஆகவில்லையா? ஆயிற்று. அவருடைய ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டிச் செலவு செய்தனர். அவர் வாசற்படி ஏறவில்லை. அவருக்காக மற்றவர்கள் ஏறினார்கள். அவருக்கு வயிற்றுப்பாட்டுக் கவலையும் இல்லை. கம்பெனியின் ஓய்வூதியம் ஆண்டுக்கு 1,500 பவுன் வந்துகொண்டிருந்தது. அந்நாளில் பார்லிமெண்டு உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது. சம்பளம் வந்தது 1911-ஆம் ஆண்டில், 400 பவுன். ஆக, மில்லின் தூய்மை மில்லுடையது மட்டுமன்று. பெயர் தெரியாத பலருடைய பணப்பையும், பாதமும் அதற்கு முட்டுக்கொடுத்தன. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. ஆனால், தலைவர் தூயவராயிருந்தால் போதும், மற்றது தானே நடக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்வேன். மில் கொள்கை என்று கருதியவற்றுள் சில, கொள்கையல்ல, அவருடைய சுபாவம். வாசல் வாசலாகச் செல்ல மாட்டேன் என்றாரே, அதை நீங்களும் பின்பற்றினால் நான் ஒப்பமாட்டேன். விலை பேசச் செல்வது இழிவு. குறை கேட்கச் செல்வது இழிவா? சாக்கடை அடைத்துக்கொண்டு, கொசுவிலே குழந்தை புரளும் வீட்டுக்காரி, "எங்கள் தெருவுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், உள்ளூர் வேலைக்கு எனக்கு நேரமில்லை என்று சொல்வது கொள்கையுறுதியா? புதிதாக வருகிற சீர்திருத்தக்காரரிடம் இந்தக் குறை அடிக்கடி காணப்படுகிறது. தமக்குப் பிடிக்காதது எல்லாம் கொள்கைக்கு விரோதம் என்று முடிவு கட்டிவிடுவார். வியர்வை பிடிக்காது, கூட்டம் பிடிக்காது, கொச்சைப் பேச்சு பிடிக்காது. பெயர் மட்டும் கொள்கை! கேட்பவர்க்குப் புரியும் மொழியில் பேசுவது வளைந்து கொடுப்பதாகாது. முதலில் எதைச் சொல்வது, பிறகு எதைச் சொல்வது என்று முறை வகுப்பதும் ஆகாது. ஒரு தெருவில் சொன்னதை அடுத்த தெருவில் மறுப்பதுதான் வளைவு.

கொள்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பதாலேயே அது சரியான கொள்கையாகிவிடாது என்பதற்கும் மில்லே சான்று. இரகசிய வாக்கு முறையை அவர் எதிர்த்தார்! வாக்கு என்பது பொதுமக்கள் சார்பில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அதைப் பலரறியச் செலுத்த வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரன் முறைத்துப் பார்க்க வாக்களிக்கும் குடிக்கூலிக்காரனுக்கு அந்த அழகால் என்ன பயன்? 1872-இல் சட்டம் வந்து வாக்கு இரகசியமாயிற்று; நல்லதாயிற்று.

சபைக்குள் போனபின் மில் மாறினாரா? மாறவில்லை. 1866-ஆம் ஆண்டு ஜூன் 7-இல், ஏறத்தாழ 1,500 பெண்கள் கையொப்பமிட்ட வாக்குரிமை விண்ணப்பத்தைக் காமன்ஸ் சபையில் அளித்தார். மறு ஆண்டு, சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று போடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. ஜமைக்காத் தீவில் 1865 அக்டோபரில் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, கவர்னர் அயர் இராணுவச் சட்டத்தை ஏவி 400-க்கு மேற்பட்டோரைக் கொன்று குவித்தான். அந்தத் தீவின் சட்டசபை உறுப்பினர் கார்டன் என்பாரைத் தூக்கிலிட்டான். அயரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கிளம்பிய குழுவுக்கு மில் தலைவரானார். கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன் ஆகிய இலக்கியப் பெரும்புள்ளிகள் அயர் பக்கம்! மில்லுக்கு வந்தவை வசைக் கடிதங்கள். கொல்வோம் என்ற மிரட்டலும் அவற்றில் இருந்தது. இந்த வேலையெல்லாம் வெஸ்ட்மினிஸ்டர் கடைக்காரரின் வாக்கைப் பெருக்குகிற வேலையல்ல என்பது அவருக்குத் தெரியாதா?

1868-இல் மீண்டும் தேர்தல். அதே ஆண்டு, தேர்தல் ஊழல் தடுப்பு மசோதா சபைக்கு வந்தபோது, கூலிக்கு வாக்குக் கேட்கும் ஆட்களை ஒழிக்க வேண்டும், வேட்பாளருக்குச் சம்பள ஏஜெண்டு ஒருவருக்கு மேல் கூடாது என்றெல்லாம் வாதாடினார் மில். சபை செவிசாய்க்கவில்லை. தேர்தல் வந்தது. நார்தாம்ப்டன் தொகுதியில் சார்லஸ் பிராட்லா நின்றார். நாத்திகர் என்று நாடறிந்தவர், புதியவர், ஏழை. இந்தப் பிராட்லாவின் பெயர் நம் சென்னைக்கும் பழக்கமானது: 1880-களில் இங்கே 'தத்துவ விவேசினி' நடத்திய பகுத்தறிவாளர்கள் அவருடைய இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தனர். அந்தப் பிராட்லாவின் தேர்தல் செலவுக்கு மில் பத்துப் பவுன் அனுப்பினார். பத்தே பவுன்! எதிரிகளுக்கு அது பொற்குவியலாயிற்று. நாத்திகனுக்குத் துணைபோகிறவனுக்கா உங்கள் வாக்கு என்று முழங்கினர். புகைவண்டி நிலையங்களில் எல்லாம் புத்தகக் கடை நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித், முன்பு தோற்ற அதே ஸ்மித், பணத்தை வாரி இறைத்து முதலிடம் பெற்றார். மில் மூன்றாமிடம். இரண்டு பேர்தான் உறுப்பினர். மில் வீடு திரும்பினார்.

தோற்றதற்குப் பத்துப் பவுன் மட்டும் காரணமன்று. ஆயினும், அனுப்பியிருக்க வேண்டாமே என்று மில் ஒருநாளும் வருந்தவில்லை. அனுப்பியதை மறைக்கவும் இல்லை.

இப்போது உங்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. "மூன்றாண்டில் முடிந்துவிட்டதே! கொள்கையும் இருந்தது, தோல்வியும் வந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு?" நியாயமான கேள்வி. எதிர்ப்புறத்தில் நடந்ததையும் பார்த்துவிட்டு விடை தேடுவோம்.

1885-ஆம் ஆண்டு. ஹைண்ட்மன் என்பவர் தலைமையில் சமூக ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற சங்கம். சோஷலிசம் பேசிய புதிய இளைஞர் கூட்டம். தெருமுனையில் பேசி, போலீசிடம் அடிபட்டு, பத்திரிகை விற்று வளர்ந்த கூட்டம். பொதுத்தேர்தல் வந்தது. நிற்க ஆசை, நிற்கப் பணமில்லை. பணம் வந்தது, எங்கிருந்து? டோரிக் கட்சியாரிடமிருந்து! லிபரல் கட்சிக்குப் போகும் தொழிலாளர் வாக்கைப் பிரித்துக் கொடுத்தால் டோரிக்கு ஆதாயம், ஆகவே கொடுத்தார்கள். பெற்றவர் சொன்ன நியாயம் என்ன? டோரியும் எதிரி, லிபரலும் எதிரி. ஓர் எதிரியின் பணத்தை வாங்கி இன்னோர் எதிரியை அடிக்கிறோம். பணத்துக்கு வாசனை உண்டா என்பது! கேட்பதற்குச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. இலண்டனில் இரண்டு தொகுதிகளில் நின்றார்கள். ஹாம்ஸ்டெட்டில் பெற்ற வாக்கு 27. கென்னிங்டனில் 32.

ஐம்பத்தொன்பது வாக்குகள், தோழர்களே! செய்தி வெளியாயிற்று. டோரித் தங்கம் என்று ஊர் சிரித்தது. லிபரல் கட்சியார் சிரித்தது கிடக்கட்டும். தெருமுனையில் அடிபட்டானே இளைஞன், அவன் முகத்தை எண்ணிப் பாருங்கள். அவனைக் கேட்டுவிட்டா அந்தப் பணத்தை வாங்கினார்கள்? பலர் சங்கத்தை விட்டு வெளியேறினர். 59 வாக்கு போனதுகூடப் பெரிதல்ல. சொற்ப வாக்கு வாங்கினவர்களும் பின்னாளில் வளர்ந்ததுண்டு. அந்த இளைஞன் அடுத்த வாரம் தெருமுனைக்குப் போய், "முதலாளி பணத்தால் ஆட்சி நடக்கிறது" என்று பேச வாயெடுத்தபோது, கூட்டத்தில் ஒருவன் "உங்கள் பணம் யாருடையது?" என்று கேட்டிருப்பானே, அதற்கு அவனிடம் பதில் இல்லை. மில்லிடம் பதில் இருந்தது. பத்துப் பவுனுக்கும் இருந்தது, பொய்யர் என்ற வரிக்கும் இருந்தது.

மில் தோற்றதற்கும் இவர்கள் தோற்றதற்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. எதை நம் தோழர்களிடமிருந்தே மறைக்க வேண்டிய அவசியம் வந்துவிடுகிறதோ, அங்கே கொள்கை கைநழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சில் கொள்கை போவது அபூர்வம், கணக்கேட்டில்தான் போகிறது.

மூன்றாவதாக ஒரு களம். 1888, ஸ்காட்லாந்தின் மிட்-லனார்க் தொகுதியில் இடைத்தேர்தல். கெயர் ஹார்டி என்ற சுரங்கத் தொழிலாளி நின்றார். பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். நிலத்தடி இருட்டிலே எழுத்துப் பழகியவர். முதலில் லிபரல் கட்சியிடம்தான் கேட்டார். கட்சி அவரை ஒதுக்கிவிட்டு, இலண்டனிலிருந்து ஒரு வழக்கறிஞரை இறக்குமதி செய்தது. ஹார்டி தனித்து நின்றார். அவர் நின்றால் வாக்குப் பிரியுமே என்று கவலை பிறந்தது. லிபரல் தலைமையிடமிருந்து தூது வந்தது. இப்போது விலகிக்கொள், அடுத்த பொதுத்தேர்தலில் உனக்கு ஒரு தொகுதி, ஆண்டுக்கு 300 பவுன் ஊதியம்!

இந்தத் தூதை எளிதாக எண்ணாதீர்கள். இலஞ்சம் என்று முகத்தில் எழுதிக்கொண்டு வருகிற இலஞ்சத்தை மறுப்பது பெரிய காரியமன்று. இது கொள்கையின் ஆடையையே உடுத்திக்கொண்டு வந்தது. "உன் நோக்கம் என்ன? சுரங்கத் தொழிலாளிக்காகச் சபையில் பேச வேண்டும். இப்போது நின்றால் தோற்பாய். விலகினால் சபைக்கே போவாய். பேசலாம், வாதாடலாம், சட்டம் செய்யலாம். உன் பிடிவாதம் பெரிதா, தொழிலாளியின் நன்மை பெரிதா?" இப்படிக் கேட்டால், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் தடுமாறாதிருப்போம்? வீட்டிலோ வறுமை. ஹார்டி மறுத்தார். பெற்ற வாக்கு 617. லிபரல் வழக்கறிஞர் பெற்றது 3,847.

மறுத்தவர் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி பிறந்தது. 1892-இல் இலண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியில் நின்றார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி, மதுவிலக்கு என்று, லிபரல் வாக்காளருக்கு இனிக்கக்கூடியவற்றையும் பேசினார். வளைந்துவிட்டார் என்று குற்றம் சொல்வார் உண்டு, நான் சொல்லமாட்டேன். அவை அவரே நெஞ்சார நம்பியவை. நம்புவனவற்றுள் கேட்போர்க்கு இனியதை முன்னே வைப்பது பேச்சாளன் உரிமை. 5,268 வாக்குகள் பெற்று வென்றார். எதிரி பெற்றது 4,036. பட்டுத் தொப்பிகள் நிறைந்த சபைக்குத் தொழிலாளியின் உடையிலேயே போனார்.

1894 ஜூன் 23-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் கிளமார்கன் சீமையில் ஆல்பியன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 290 பேர் மாண்டனர். அன்றைய தினமே அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சபை வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. மாண்டவர்க்கு ஓர் அனுதாபச் சொல்லும் சேர்த்துப் போடுங்கள் என்றார் ஹார்டி. மறுத்தனர். எழுந்து நின்று வாழ்த்துத் தீர்மானத்தையே எதிர்த்தார். சபையிலே கூச்சல், கூக்குரல், கொதிப்பு! தன்னந்தனியாக நின்று பேசி முடித்தார். 1895 தேர்தலில் வெஸ்ட் ஹாம் அவரைக் கைவிட்டது. 1900-இல் மெர்தர் டிட்வில் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அது கிளமார்கன் சீமைத் தொகுதி. நிலக்கரியும் இரும்பும் உண்டு உமிழ்ந்த ஊர். 1915-இல் இறக்கும் வரை அந்தத் தொகுதி அவரை விடவில்லை.

தனிமனிதரின் உறுதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். சட்டமும் மாறியது. மில் தோற்ற 15 ஆண்டுக்குப் பின், 1883-இல், தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு கட்டினார்கள்; கூலியாட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது; கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்றாயிற்று. தேர்தல் அதிகாரியின் செலவை வேட்பாளர் தலையில் கட்டும் வழக்கம் 1918 வரை நீடித்தது. அந்த வழக்கத்தை ஒழிக்க மில்லின் நண்பர் ஃபாசெட் 1868-லேயே முயன்று தோற்றார். ஐம்பது ஆண்டுகள்! அதே 1918-இல்தான் அந்நாட்டுப் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்றனர். ஆணுக்குச் சமமாகப் பெற்றது 1928-இல். செலவு குறையாத தேர்தலில் ஏழை வேட்பாளன் தன் கொள்கையைக் காப்பாற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் காப்பது போல. ஆகவே, தேர்தல் செலவைக் குறைக்கும் சட்டத்துக்காகப் போராடுவது நம் பிரசாரத்துக்குப் புறம்பான வேலை என்று எண்ணாதீர்கள்.

கடைசியாக ஒரு சங்கடமான செய்தி. ஹார்டியின் கதையை நான் மெர்தரிலேயே நிறுத்தியிருந்தால் உங்களுக்கு இனித்திருக்கும். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு நியூகாசில் நகரில் மாநாடு கூட்டி, எந்தக் கட்சியோடும் ஒட்டு இல்லை, உறவு இல்லை, நம் வேட்பாளர் தனித்தே நிற்பர் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில், குழுவின் செயலாளர் ராம்சே மக்டொனால்டு, லிபரல் கட்சியின் கொறடா ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனோடு உட்கார்ந்து, இந்த இந்தத் தொகுதிகளில் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டார். இரகசியமாக! ஹார்டிக்குத் தெரியாமல் இது நடந்திருக்க முடியாது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 1906 தேர்தலில் 29 இடங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை லிபரல் எதிர்ப்பு இல்லாத இடங்கள். தொழிற்கட்சி என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. அந்த 29 பேர் இல்லாவிடில் பின்னர் வந்த வளர்ச்சி அவ்வளவு விரைவில் வந்திராது.

இது சரியா, தவறா? கூட்டுச் சேர்வதே கறை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. எதிரியின் எதிரியோடு ஒரு தேர்தலில் உடன்பாடு காண்பது, 300 பவுனுக்கு விலகிக்கொள்வது போன்றதன்று. தொழிலாளி வேட்பாளன் தன் பெயரில், தன் கொடியோடு நின்றான். உடன்பாடு செய்தது சரி என்பேன். மாநாட்டில் கைதூக்கிய தொண்டனிடம், தனித்து நிற்கிறோம் என்று நம்பி ஒவ்வொரு பென்னியாகத் திரட்டிக் கொடுத்தவனிடம், சொல்லாமல் மறைத்தது தவறு என்பேன். சொல்லியிருந்தால் மாநாடு மறுத்திருக்கும், 29 இடமும் வந்திராது என்று உங்களில் சிலர் வாதாடக்கூடும். மறுத்திருக்கலாம். அப்படி மறுக்கும் உரிமை அந்தத் தொண்டனுக்கு உண்டா, இல்லையா என்பதுதான் என் கேள்வி. என் கருத்துக்கு மாறுபடுகிற தோழர்கள் இருப்பீர்கள். பின்வரிசையில் இருவர் தலையசைப்பதிலிருந்தே தெரிகிறது. எழுந்து வந்து பேசுங்கள். மணி இன்னும் எட்டு ஆகவில்லை.